திரும்பி வருவேன் என்று சொல்லிக்கொடுக்கும் வேலை

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் என்னை ரொம்பக் குழப்பியது ஒரு சின்னக் கேள்வி. பஜார் ரோட்டில் சாயா குடிக்கப் போனால் கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே "எவிடேக்கா?" என்பார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். முதல் நாள் நான் "ரூமுக்கு" என்றேன். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் கேட்டது எந்த நாட்டுக்கு என்று. கையில் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தோடு ஒருத்தன் அந்தத் தெருவில் நின்றால் அவன் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நான் கிளம்புகிறவன் இல்லை, வந்து சேர்ந்தவன், சாத்தூரிலிருந்து இங்கே பிழைக்க வந்தவன், கிளம்புகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று விளக்கினேன். அவருக்கு என் மேல் ஒரு பரிதாபம் வந்தது பாருங்கள், இன்றுவரை அது போகவில்லை. எல்லோரும் விட்டுவிட்டுப் போகிற ஊருக்கு ஒருத்தன் பஸ் ஏறி வந்திருக்கிறானே என்று நினைத்திருப்பார். இப்போதும் எனக்கு மட்டும் சீனி ஒரு ஸ்பூன் கூட.

சாத்தூரில் இந்தக் கேள்வியே கிடையாது. புதிதாக ஒருத்தன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் எந்த ஊர் என்பார்கள். அடுத்து, அந்த ஊரில் எந்தத் தெரு. தெருவைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. நீ என்ன ஆள், உன்னிடம் எப்படிப் பேச வேண்டும், எவ்வளவு தூரம் தள்ளி உட்கார வேண்டும், எல்லாம் முடிவாகிவிடும். மனுசனின் பழசைத் தோண்டிக்கொண்டே இருக்கிற ஊர் அது. இங்கே வந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவர்களுக்கு உன் பழசு வேண்டாம், இனிமேல் எங்கே போகிறாய் என்பது போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் நண்பர்களுக்குப் போன் போட்டு, இங்கே வாங்கடா, ஒருத்தனும் உங்க தெருப் பேரைக் கேக்க மாட்டான் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன். வடிகட்டின முட்டாள்தனம். அது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

நான் வேலை பார்க்கும் கோச்சிங் சென்டர் ஒரு மளிகைக் குடோனின் மாடியில் இருக்கிறது. கீழே மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரித்தால் மேலே வகுப்பு முழுக்க ஒன்றாக இருமும். முதலாளி பென்னி சார் அதற்கும் திட்டுவார். ஆபீசர் முன்னால் இருமினால் டி.பி. என்று எழுதிவிடுவானாம். பென்னி சார் வாழ்க்கையில் கோயம்புத்தூரைத் தாண்டியதில்லை, பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை, ஆனால் உலகத்தின் எல்லா ஆபீசர்களின் மனசும் அவருக்குத் தெரியும். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள். நாட்டின் பெயர் வேண்டாம், போனவர்கள் என் மேல் வருத்தப்படுவார்கள். வயசானவர்களைப் பராமரிக்க அங்கே ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. படிக்கத்தான் வருகிறேன், படித்து முடித்ததும் இந்தியாவுக்குத் திரும்பிவிடுவேன் என்று லேப்டாப் திரையில் தெரிகிற ஒரு ஆபீசரிடம் சொல்லி நம்பவைக்க வேண்டும். திரும்பி வருகிற எண்ணம் ஒருத்தருக்கும் கிடையாது. ஆபீசருக்கும் அது தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் சொல்ல வேண்டும், கண் தாழாமல், நாக்குக் குழறாமல். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை.

நம் மொழியில் வருவேன், போவேன் என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிற காரியத்துக்கு இங்கிலீஷ்காரன் நாலைந்து வழி வைத்திருக்கிறான். 'வில்' போட்டால் அந்த நிமிஷம் எடுத்த முடிவு, இல்லை என்றால் வாக்குக் கொடுப்பது. 'கோயிங் டு' போட்டால் மனசுக்குள் ஏற்கனவே தீர்மானித்து வைத்தது. ஏற்பாடெல்லாம் முடிந்து பெட்டியும் கட்டியாகிவிட்டது என்றால் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம், ஐ ஆம் லீவிங் ஆன் மண்டே. நான் இதைக் கல்யாணத்தை வைத்து விளக்குவேன். பெண்ணைப் பார்த்த வேகத்தில் கட்டிக்கிறேன் என்று உளறுவது வில். வீட்டுக்குத் தெரியாமல் மாசக்கணக்கில் மனசில் வைத்திருப்பது கோயிங் டு. மண்டபம் பிடித்து பத்திரிகையும் அடித்தாச்சு என்றால் ஐ ஆம் கெட்டிங் மேரீட். வகுப்பு சிரிக்கும். பென்னி சார் மட்டும் கதவோரம் நின்று, 'ஹோப்' கூடாது, 'மேபி' கூடாது என்று விரலை ஆட்டுவார். நம்புகிறேன், முடிந்தால், கடவுள் சித்தம் என்று இழுக்கிறவனுக்கு விசா கிடையாது என்பது அவருடைய கட்சி.

இதில் எனக்கே பழக்கம் இல்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் வீட்டில் எதிர்காலத்துக்கு ஒரே ஒரு சொல், பார்ப்போம். சைக்கிள் வேணும்பா என்றால், பார்ப்போம். காலேஜில் சேர்த்துவிடுவீங்களா என்றால், பார்ப்போம். அப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால் காரியம் செத்தது என்று எனக்கும் தங்கைக்கும் அத்துப்படி. தங்கைக்கு நர்ஸ் படிப்பில் ஆசை. பார்ப்போம் என்றார். அவள் இன்றைக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, எப்பய்யா வர்றே என்று கேட்பாள். பார்ப்போம்மா என்று நான் சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான் அது அப்பாவின் வாய் என்று உறைக்கும். மறுநாள் காலையில் வகுப்புக்குப் போய், இந்த வார்த்தையை மறந்தும் சொல்லாதீர்கள் என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவேன்.

சென்டரில் பென்னி சார் ஏற்படுத்தி வைத்த ஒரு வழக்கம் உண்டு. அதற்கு வீட்டு இன்டர்வியூ என்று பெயர். நிஜ இன்டர்வியூவுக்கு முந்தின வாரம், போகிறவரின் வீட்டிலிருந்தே ஒருவரைக் கூட்டி வந்து ஆபீசர் நாற்காலியில் உட்காரவைப்பார். கேள்விகளை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அவர்கள் வாசிக்க வேண்டும், இவர்கள் வகுப்பு முன்னால் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் ஆபீசர் 'விசா கிராண்டட்' என்று சொல்ல வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும். பெத்தவ முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டால் அப்புறம் எவன் முகத்தைப் பார்த்தும் சொல்லலாம் என்பது இதில் உள்ள தத்துவம். ஒரு பையனுக்கு அவன் அம்மா வந்து உட்கார்ந்தார், மீன் விற்கிறவர். 'வில் யூ கம் பேக்' என்ற கேள்விக்கு வந்ததும் பக்கத்தில் இருந்த யாரோ அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்கள். அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழ அழப் பையன் கண் தாழாமல், எஸ் மேடம், ஐ வில் டெஃபினிட்லி ரிட்டர்ன் என்றான். பென்னி சாருக்குப் பெருமை தாங்கவில்லை. பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தம்மா என்னை எங்கே பார்த்தாலும், ஒரு வருஷம் கழிஞ்சா அவன் வரும் அல்லே சாரே, இங்கிலீஷ்ல சொன்னானே என்று கேட்கிறார். இங்கிலீஷில் சொன்னதால் அது பத்திரப்பதிவு ஆன மாதிரி அவருக்கு.

ரேவதி இந்த வகுப்புக்கு வந்தவள்தான். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டெண்ட். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த நகரத்தின் ஓடைகளைச் சுத்தம் செய்ய வந்த குடும்பம், இங்கே சாக்கடைக்கு ஓடை என்று பேர், அவள் அப்பா வரைக்கும் அதே வேலை. நான் தமிழ் என்று தெரிந்த அன்றே முன்பெஞ்சுக்கு மாறிவிட்டாள். தமிழ் பேசுவாள், எழுத வராது. நான் தமிழில் சொல்கிற விளக்கத்தை அப்படியே மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வாள். நம்ம பாஷையில சொன்னா தலையில கேறும் சாரே என்பாள். கேறும் என்றால் ஏறும். நிஜமாகவே நன்றாக ஏறியது. வில்லும் கோயிங் டுவும் அவளுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. எந்தக் கேள்வி கேட்டாலும் படபடவென்று பதில் வரும். ஒரே ஒரு கேள்வியில்தான் வண்டி நின்றுவிடும். படிப்பு முடிந்ததும் என்ன செய்வாய் என்று கேட்டால் மேஜையைப் பார்ப்பாள். நகத்தைப் பார்ப்பாள். ஐ வில் என்று ஆரம்பித்து, அதற்கப்புறம் தொண்டையில் முள் சிக்கின மாதிரி நின்றுவிடுவாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கின பிறகு நிறுத்திவைத்துக் கத்தினேன். ஊரே சொல்கிற பொய், உனக்கு மட்டும் என்னம்மா கௌரவம் என்று கேட்டேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்ன கதை இது. அவளுடைய புருஷன் சுரேஷ். அவர்களும் தமிழ்க் குடும்பம்தான், பள்ளுருத்தியில். காதல் கல்யாணம். ஆனால் சுரேஷின் தாத்தா வெலிங்டன் தீவில் கப்பல் மூட்டை தூக்க வந்தவர், ஓடையில் இறங்க வந்தவர் இல்லை. மூட்டைக்கும் ஓடைக்கும் நடுவில் எத்தனை படி என்று நம் ஆட்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? இருநூறு மைல் தள்ளி வந்து, இரண்டு தலைமுறை கழித்து, பாதித் தமிழை மறந்துவிட்டு, இதை மட்டும் ஒருத்தரும் மறக்கவில்லை. சுரேஷுக்குக் கோபம் வந்தால் அவள் அப்பாவின் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவான். குழம்பில் உப்பு கூடினாலும் அந்த வார்த்தை, பஸ் தாமதமாகி லேட்டாக வந்தாலும் அந்த வார்த்தை. அவள் கல்யாணமான நாளிலிருந்து அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்து பழகிவிட்டாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள் நந்தனா, பென்சிலைக் காணோம் என்ற கோபத்தில் அதே வார்த்தையால் அம்மாவைக் கூப்பிட்டாள். சுரேஷ் சிரித்தான். அன்றைக்கு வந்திருந்த மாமியாரும் சிரித்தாள். பெரியவர்கள் சிரிக்கவும் குழந்தை இன்னொரு தரம் சொன்னது.

"அன்னைக்கு எனக்கு மனசிலாச்சு சாரே," என்றாள் ரேவதி. "இங்க கிடந்தா என் மோளும் இவங்களா ஆகும்."

வீட்டில் பேசி வைத்திருந்த திட்டம் வேறு. ரேவதி முதலில் போக வேண்டியது, காலூன்றியதும் சுரேஷையும் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியது. அதற்காக நந்தனாவுக்குப் பாஸ்போர்ட் கூட எடுத்தாகிவிட்டது. சுரேஷ் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரிடமும் விடைபெற ஆரம்பித்திருந்தான். ரேவதியின் மனசில் இருந்தது குழந்தையை மட்டும் வரவழைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவது. புருஷன் வேண்டாம், பள்ளுருத்தி வேண்டாம், அந்த வார்த்தையும் வேண்டாம். இப்படி ஒரு நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு, திரும்பி வருவேன் என்று எப்படிச் சிரித்த முகத்தோடு சொல்வது என்று என்னைக் கேட்டாள். நான் வாத்தியார் இல்லையா, வாத்தியார் மாதிரியே பேசினேன். உன் கதை ஆபீசருக்கு வேண்டாம், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடு, அப்புறம் உன் பாடு என்றேன்.

அவளுடைய வீட்டு இன்டர்வியூவுக்கு சுரேஷ் வந்தான். வெள்ளைச் சட்டை, நனைத்து வாரின தலை. இந்தத் தெருவில் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குகிற ஆட்டோக்காரன் அவன். அவனுடைய இங்கிலீஷில் இலக்கணம் கிடையாது, பயமும் கிடையாது. மலையாள எழுத்தில் எழுதின காகிதத்தை வாங்காமல், ஐ நோ இங்கிலீஷ் சார் என்றான். பென்னி சார் இங்கிலீஷ் காகிதத்தையே கொடுத்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, குட் மார்னிங் மேடம் என்று ஆரம்பித்தான். வகுப்பு சிரித்தது. ரேவதியும் சிரிக்கப் பார்த்தாள். பெயர், படிப்பு, வேலை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அதற்கடுத்த கேள்வி, அப்பா என்ன வேலை செய்கிறார்.

இது எல்லோரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி. ஆபீசரும் கேட்பான். ரேவதி அதற்கு, கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று சொல்லப் பழகியிருந்தாள். அப்படியே சொன்னாள். சுரேஷ் காகிதத்தை மேஜையில் வைத்தான். வாட் வொர்க், மேடம், ஐ வாண்ட் டு நோ என்றான். அவள் பென்னி சாரைப் பார்த்தாள். நல்ல பயிற்சி, பதில் சொல்லு என்று அவர் தலையாட்டினார். அப்பா ஓடை சுத்தம் செய்தார் என்று இங்கிலீஷில் சொன்னாள். சுரேஷ் காதில் கையை வைத்து, கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றான். பின்பெஞ்சில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவள் சத்தமாகச் சொன்னாள். சுரேஷ் திருப்தியாகக் காகிதத்தை எடுத்து அடுத்த கேள்வியை வாசித்தான். ஆஃப்டர் த கோர்ஸ், வாட் வில் யூ டூ?

ரேவதி மேஜையைப் பார்க்கவில்லை. நகத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஐ ஆம் நாட் கம்மிங் பேக்," என்றாள். "ஐ ஆம் டேக்கிங் மை டாட்டர். யூ ஆர் நாட் கம்மிங் வித் அஸ்."

ஒரு பிழை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. ஏற்பாடெல்லாம் முடிந்து டிக்கெட்டையும் கையில் வைத்திருக்கிறவர்கள் பேசுகிற இங்கிலீஷ். நான் மாசக்கணக்காக அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நேர்ப்பார்வை அன்றைக்குத்தான் வந்தது, வரக்கூடாத இடத்தில். வீட்டில் எத்தனையோ ராத்திரி தமிழில் சொல்லத் துணியாததை, முப்பது பேர் முன்னால், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷையில் அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பாஷையில் அவளை யாரும் ஒரு தடவைகூட அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்தத் தைரியமோ என்னவோ. பென்னி சார் தலையில் அடித்துக்கொண்டு, ராங் ஆன்சர், ராங் ஆன்சர் என்று கத்தினார்.

"நோ சார், கரெக்ட் ஆன்சர்," என்றான் சுரேஷ். கேள்விக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அப்புறம் அவளிடம் தமிழில் சொன்னான். "நீ போய்க்கோ. மோள் இங்க நிக்கட்டும்." எழுந்து நின்று, மறந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டவன் போல, விசா கிராண்டட் என்றான். பழக்கதோஷத்தில் யாரோ இரண்டு பேர் கையும் தட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே நந்தனாவைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து நேராகப் பள்ளுருத்திக்கு, அவன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டான். குழந்தையின் பாஸ்போர்ட்டும் அவனோடு போனது. ரேவதியை அடிக்கவில்லை, திட்டவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவும் இல்லை. அவள் போவதற்கு ஒரு தடையும் சொல்லவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவள் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். நல்லா போய் வா என்று சிரித்துக்கொண்டே இருந்தான், பாவி. நான் ரேவதியிடம் எர்ணாகுளத்தில் வக்கீலைப் பார், குடும்பக் கோர்ட் இருக்கிறது என்றேன். கேஸ் போட்டால் தாத்தா பாட்டி சாட்சி சொல்ல வருவார்கள், குழந்தையையும் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள், அது என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியும் என்றாள். இங்கேயே இருந்தால் குழந்தை தினமும் அவளைப் பார்த்துப் பார்த்தே வெறுக்கும். போய்ச் சம்பாதித்து, ஆளாகி, திரும்பி வந்து கேட்டால் ஒருவேளை கொடுப்பான். அப்படித்தான் அவள் முடிவுக்கு வந்தாள். அந்த 'ஒருவேளை'யை நான் திருத்தவில்லை.

நிஜ இன்டர்வியூ பென்னி சாரின் பலகைத் தடுப்பு அறைக்குள் நடந்தது. தடுப்புக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன், நெட் போனால் சரிசெய்ய. ஆபீசர் ஒரு பெண், ரொம்ப இளம் குரல், ஒவ்வொரு வாக்கியத்தையும் பூ வைக்கிற மாதிரி வைத்துப் பேசினாள். அப்பா என்ன வேலை என்று கேட்டாள். ரேவதி தயங்காமல் சொன்னாள். ஓ, ஹவ் இன்ட்ரஸ்டிங் என்றது அந்தக் குரல். நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக மனுசரைச் சாகடிக்கிற ஒரு விஷயம் அங்கே சுவாரசியமாக இருக்கிறது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. நீ திரும்பிப் போவாய் என்று நாங்கள் எப்படி நம்புவது?

அப்புறம் ரேவதியின் குரல். "மை டாட்டர் இஸ் ஹியர். தே ஆர் கீப்பிங் ஹெர். ஐ வில் கம் பேக் ஃபார் ஹெர்."

என் மகள் இங்கே இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்கள், அவளுக்காகத் திரும்பி வருவேன். ஆறு மாசமாகப் பொய்யாகச் சொல்ல வராமல் தொண்டையில் நின்ற வாக்கியத்தை சுரேஷ் நிஜமாக்கிக் கொடுத்துவிட்டான். இனிமேல் அவளுக்கு அதைச் சொல்ல நடிப்பு தேவையில்லை. எத்தனையோ பேர் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், ஒருத்தர் சொன்னதையும் நான் நம்பியதில்லை. இதை நம்பினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீசரும் நம்பிவிட்டாள். பாட்டி வீட்டில் குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்திருக்கும் போல. "தட்ஸ் லவ்லி," என்றாள். அம்மாவை நினைத்து உன் மகள் எவ்வளவு பெருமைப்படுவாள் என்று வேறு சொன்னாள். ரேவதி தேங்க் யூ மேடம் என்றாள். நான் சொல்லிக்கொடுத்திருந்த மரியாதை அது.

விசா வந்தது. பென்னி சார் வாசலில் பிளக்ஸ் வைத்தார். சுரேஷ், ரேவதி, நடுவில் நந்தனா, மூன்று பேரும் சிரிக்கிற பழைய போட்டோ. விமான நிலையத்துக்கு சுரேஷே ஒரு கூட்டாளியின் காரில் கொண்டுபோய் விட்டான். குழந்தைக்கு அன்று பரீட்சை என்று சொல்லிவிட்டானாம். பரீட்சையெல்லாம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், என் ரூமுக்குக் கீழ்வீட்டுப் பெண்ணும் அதே பள்ளிக்கூடம்தான், அன்றைக்குப் பூரா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ கால் உண்டு. போன் சுரேஷ் கையில் இருக்கும், எப்போது போதும் என்று அவன் முடிவு செய்வான். ரேவதி எனக்கும் எப்போதாவது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். அங்கே ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, தலைவாரி விடுகிறாள். அந்தக் கிழவி ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்து தேங்க் யூ டியர் சொல்கிறாளாம். அப்பா காலமெல்லாம் செஞ்ச வேலைக்கு ஒருத்தரும் சொல்லாதது எனக்குக் கிடைக்குது சாரே என்று சிரித்தாள். பின்னாலேயே அழுகிற சத்தம் கேட்டது. மெசேஜ் அங்கேயே முடிந்துவிட்டது.

நான் தீபாவளிக்கும் சாத்தூருக்குப் போகவில்லை. அம்மா கேட்டாள், வழக்கம்போலப் பார்ப்போம் என்றேன். வத்தல் நெடி, இருமல், வில், கோயிங் டு என்று என் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போன மாசம் புது வகுப்புக்கு பென்னி சார் ஒரு லேப்டாப்போடு வந்தார். ரேவதியின் இன்டர்வியூவை அவர் யாருக்கும் சொல்லாமல் பதிவு செய்து வைத்திருக்கிறார். மனசைத் தொடுகிற பதில் என்றால் இதுதான், எல்லோரும் கேட்டு மனப்பாடம் செய்யட்டும் என்றார். இது மாதிரிப் பதில் இல்லை சார், ஒருத்தியின் பெத்த வயிறு என்றேன். விசா கிடைத்த பதில்தான் மாதிரிப் பதில் என்றார் அவர். போர்டில் எழுதச் சொன்னார். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் எழுதத்தானே வேண்டும்? எழுதினேன். கல்யாணமே ஆகாத பையன்கள்கூட மை டாட்டர் என்று எழுதிக்கொண்டு, பிறகு அதை அடித்து மை மதர் ஆக்கினார்கள்.

அன்றைக்கு சுரேஷுக்குத் திடீரென்று ஒரு நீண்ட சவாரி கிடைத்திருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கின நந்தனாவை, சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி எங்கள் சென்டர் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்குத் தெரியாது. பென்னி சார் ஒலியைக் கூட்டி வைத்தார். மை டாட்டர் இஸ் ஹியர் என்றது ரேவதியின் குரல்.

கதவு திறந்தது. யூனிஃபார்ம், முதுகில் பை, ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல். குழந்தை எங்களைப் பார்க்கவில்லை. குரல் வருகிற இடம் எது என்று அறை முழுக்கத் தேடி, லேப்டாப்பைக் கண்டுபிடித்து, அதை நோக்கிக் கையை உயர்த்தியது.

"ஞான் இவிடெயுண்டு அம்மே," என்றாள். நான் இங்கேதான் இருக்கேன்மா. ரேவதி அவளிடம் பேசுகிற தமிழ் அவள் வாயில் இப்போது இல்லை.

அம்மாவின் குரல் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவளைத் தாண்டி, அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டது. குழந்தை இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தரம் சொன்னாள். லேப்டாப்பில் அந்த ஆபீசர் பெண் தட்ஸ் லவ்லி என்றாள். முன்பெஞ்சில் ஒரு பையன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.